நமக்கு வந்தபோது!

2001-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே, விடியற்காலையில், கீற்றுக் கொட்டகையொன்று தீப்பற்றி எரிந்தது. மனநோயாளர் என்று உற்றாரால் கொண்டுவந்து விடப்பட்டோர் உள்ளே இருந்தனர். ஓடித் தப்பியிருப்பர் — காலிலே சங்கிலி இல்லாதிருந்தால்! 28 பேர் மாண்டனர்.

அந்த வாரமே நம் ஊர்க் கடைத்தெருவில் கண்டனக் கூட்டம். நாமும் பேசினோம். "பேயுமில்லை, பிசாசுமில்லை, அவர்கள் நோயாளிகள்! நோய்க்குத் தேவை மருந்து, மந்திரமல்ல!" என்று முழங்கினோம். கையொலி காதைப் பிளந்தது. அன்று பேசியதில் பிழையொன்றுமில்லை, தோழர்களே! இன்று பேசச் சொன்னாலும் அதையே பேசுவோம், ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு. 'அவர்கள்' என்றோமே, அந்தச் சொல்லை.

ஆறாண்டுகள் கழித்து அந்நோய் நம்மிடமே வந்தது. நோயின் கோலத்தில் வந்திருந்தால் அடையாளம் கண்டிருப்போம். அதுவோ வெற்றி வீரனின் கோலத்தில் வந்தது! நான்கு இரவுகள் உறக்கமில்லை, களைப்புமில்லை. கருத்துகள் காட்டாற்று வெள்ளமெனப் பாய்ந்தன. நாட்டின் கல்விமுறை முழுவதையும் மாற்றியமைக்கும் திட்டத்தை ஐந்து குறிப்பேடுகளில் எழுதித் தீர்த்தோம். அதை அச்சேற்ற அக்காவின் வளையல்களை அடகு வைத்தோம் — கேட்டு வாங்கியல்ல, பெட்டியைத் திறந்து எடுத்து. பின்னாளில் அக்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். முதற் சில பக்கங்கள் பரவாயில்லை. மற்றவற்றில் எழுத்து இருந்தது, பொருள் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் சேறு. மூன்று திங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தோம். குளிக்க எழுவது மலையேறுவது போலாயிற்று. அம்மா மந்திரித்த கயிற்றுடன் வந்தார்கள். சினந்து வீசியெறிந்தோம். அக்கா அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: இருதுருவ மனநோய். மாத்திரைகள் தந்தார். வீட்டிற்கு வந்து, அவற்றையும் வீசியெறிந்தோம்!

கயிற்றை எறிந்தது பகுத்தறிவு. மாத்திரையை எறிந்தது எது?

ஆணவம், தோழர்களே, ஆணவம். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளக் கூச்சமில்லை நமக்கு. ஆனால், எந்த அறிவைக் கருவியாகக் கொண்டு ஊரையெல்லாம் திருத்தப் புறப்பட்டோமோ, அந்தக் கருவியிலேயே பழுது என்றால் ஒப்புக்கொள்ள மனம் வருமா? 'சிந்தித்தே சீராகிவிடலாம்' என்று எண்ணினோம். எதிர்த்துப் பேசுவோரைக் 'கீழ்ப்பாக்கத்துக்குப் போகவேண்டியவர்' என்று நையாண்டி செய்யாத மேடை நமக்குள் எத்தனை உண்டு? நோயுற்றோரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர், நம் வாயிலே வசவு. அந்த வசவுக்குரியவராக நாமே ஆவதா? இந்த எண்ணந்தான் மருந்தைக் கையில் எடுக்கவிடவில்லை. விளைவு? மறு ஆண்டே வெள்ளம் மீண்டும் வந்தது. பார்த்துவந்த வேலையையும் கொண்டுபோயிற்று.

அக்காதான் வழிக்குக் கொண்டுவந்தார். சர்க்கரை நோய்க்குத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்: "தினமும் குத்திக்கொள்கிறேனே, தம்பி, நானென்ன கோழையா?"

விடை சொல்ல இயலவில்லை. அன்றிரவு மாத்திரையை விழுங்கினோம்.

அம்மாத்திரை எது தெரியுமோ? லித்தியம். பாறையிலும் உப்புநீரிலும் கிடைக்கும் பொருளின் உப்பு. அது இந்நோயைத் தணிக்கும் என்பதனை 1949-இல் உலகுக்கு அறிவித்தவர், ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். போரிலே ஜப்பானியரிடம் சிக்கி, மூன்றாண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர்ச் சிறைமுகாமில் வாடித் திரும்பியவர். கினிப் பன்றிகளிடம் சோதித்தார்; தாமே உட்கொண்டு பார்த்தார்; பிறகே நோயாளிகளுக்குத் தந்தார். ஐயம், ஆய்வு, சான்று! நாம் மேடையில் போற்றிய வழியில் வந்த மருந்தைத்தான் குப்பையில் போட்டிருந்தோம்.

அது நோயை வேரோடு பிடுங்கிவிடுவதில்லை. கை நடுங்கும், தாகம் வாட்டும். பயன்தரும் அளவுக்கும் தீங்குசெய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு; எனவே குருதியைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனித்துவர வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? ஒரு சராசரி நாள். காலையில் எழுகிறோம், பிழை திருத்தும் வேலைக்குப் போகிறோம், திரும்புகிறோம். வளையல்களை மீட்க நான்காண்டுகள் ஆயின, மீட்டோம். சராசரி நாளின் அருமையை, அதனை இழந்தவரைக் கேட்டால் சொல்வர்.

2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு நடைமுறைக்கும் வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். ஏர்வாடியில் எரிந்தோருக்குக் காலங்கடந்த நீதி! அதில் இன்னொரு பிரிவும் உண்டு. நம்மவர் பலர் அறியாதது. அறிவு தெளிவாக இருக்கும்போதே, 'நோய் முற்றினால் எமக்கு இன்ன சிகிச்சை தருக, இன்னது வேண்டா' என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நமக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். படித்தபோது மெய்சிலிர்த்தது. தெளிந்த அறிவு, கலங்கப்போகும் அறிவுக்குக் காவல் வைப்பதென்றால், பகுத்தறிவுக்கு இதைவிட வேறு வேலையும் உண்டோ?

எழுதினோம். அக்காவைப் பெயர் குறித்தோம். அறிகுறிகளையும் வரிசையாகச் சேர்த்தோம்: உறக்கம் குறைதல், பேச்சு மிகுதல், கடன் கேட்டல், இரவெல்லாம் எழுதுதல். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்; கையொப்பமிட்டார்.

நேற்று, இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது, அறைவாசலில் வந்து நின்றார்.

"மணி பத்தாகிறது, தம்பி. இது எத்தனையாவது இரவு?"

"முதல் இரவுதான், அக்கா."

நம்பினாரோ என்னவோ, நகரவில்லை. தாள்களை மடித்துவைத்துவிட்டு விளக்கை அணைத்தோம். எஞ்சியதைக் காலையில் எழுதினோம்.