சொல்லின் எடை

குற்றத்தின் அளவுக்கேற்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் ஒருவகை நீதியே. மலாக்கா மாநிலத்துக் கிளேபாங்கில் மும்மொழி பயிலும் தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை நாள்தோறும் பயன்படுவது. ‘குராங் ஆஜார்’ என்னும் மலாய்த் தொடர், சொல்லளவில் ‘கற்பித்தது குறைவு’ என்றே பொருள்படும். ஆயினும் கேட்பவனை மட்டுமன்றி அவனை வளர்த்த பெற்றோரையும் சேர்த்துச் சுடும்.

ஆங்கிலத்தில் ‘எக்ரீஜியஸ்’ என்னும் பெயரடையும் எடை அறிந்து ஆளவேண்டியதே. ‘மந்தையினின்று தனித்து நிற்பது’ என்பது அதன் இலத்தீன் வேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது சிறந்தோரைப் புகழ்ந்தது. அந்நூற்றாண்டிலேயே இகழ்ச்சிப் பொருளும் ஏறியது. இன்று இகழ்ச்சியே எஞ்சியது. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று தீய மணத்தைக் குறிப்பதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

எனினும் பழம்பொருளின் சாயல் மறையவில்லை. தனித்துத் தெரியும் பெரும்பிழையையே அச்சொல் சுட்டும். கிளேபாங் கடற்கரையில் ஒருவர் பானம் அருந்திய குவளையை வீசிச் செல்வாராயின், அதை ‘அநாகரிகம்’ என்றாலே போதும். லாரி நிறையக் கழிவைக் கொணர்ந்து இரவோடிரவாகக் கடலில் கொட்டுவாராயின், அதுவே எக்ரீஜியஸ்.

வகுப்புக்குப் பிந்தி வந்த மாணவனின் செயலை அச்சொல்லால் குறிக்கும் ஆசிரியர், சிறுபிழையைப் பெருங்குற்றமாக்குகிறார். அவனுக்கு இழைக்கும் அநீதி ஒருபுறமிருக்க, உண்மையான பெருங்குற்றம் எதிர்ப்படும் நாளில் அதைச் சுட்டுவதற்கு அவரிடம் சொல் இராது.