கொஞ்சம் வளையட்டும் அந்த வாள்!

தாம்பரம் மார்க்கெட்டில் போய் ‘பிளேடு வேணும்’ என்றால் ஷேவிங் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ‘வாளுக்கு மாட்டுற பிளேடுங்க’ என்று விளக்கிச் சொன்னால், ஸ்கூல் ஆண்டு விழாவுக்கா என்று கேட்டுவிட்டு ஃபேன்ஸி ஸ்டோருக்கு வழி சொல்வார்கள். ஆனால், சேலையூரில் ஒரு வீட்டில் மூன்று வாரமாக அந்த பிளேடைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற அம்மா. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. வீட்டில் இவ்வளவு பேர்தான். மகள் மூன்று வருடமாக வாள்வீச்சு கற்கிறாள். சென்ற வருடம் வரை சிறுவர்களுக்கான குட்டை பிளேடு. இப்போது உயரம் வந்துவிட்டதால் பெரியவர்கள் பிடிக்கிற ஐந்தாம் நம்பர், அதாவது 90 சென்டிமீட்டர் பிளேடு. கைமாறி வந்த பழைய ஃபாயில் ஒன்றில் அதை ஆட ஆரம்பித்தாள். இப்போது புதிதாக ஒரு பிளேடு வாங்க வேண்டும். எது வாங்குவது?

“நல்லா ஸ்ட்ராங்கா, விறைப்பா இருக்கறதா வாங்கு. வருஷத்துக்கு ஒண்ணு வாங்கிட்டிருக்க முடியாது” என்பது அம்மாவின் கட்சி. “சீனியர் அக்காங்க எல்லாம் நல்லா வளையறதுதான் வெச்சிருக்காங்க. சாட்டை மாதிரி முதுகுலயே போய் விழும்” என்பது மகள் கட்சி. தாத்தா எந்தக் கட்சியிலும் சேராமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வாள்வீச்சில் மூன்று ஆயுதங்கள் உண்டு. எப்பேயில் தலையிலிருந்து கால் வரை எங்கே குத்தினாலும் பாயின்ட். சேபரில் இடுப்புக்கு மேலே. குத்தலாம், வெட்டவும் செய்யலாம். ஃபாயிலில் நுனியால் குத்த மட்டும்தான் அனுமதி. அதுவும் மார்பு, வயிறு, முதுகு என்று உடற்பகுதியில் மட்டும். வாள்வீச்சு என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற நம் சென்னைப் பெண் பவானி தேவி ஆடுவது சேபர். வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் 2004-ல் அவர் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது வாள் வாங்குவது எட்டாத காரியம். மூங்கில் குச்சியில் பயிற்சி, நிஜ வாள் போட்டிக்கு மட்டும் என்றுதான் ஆரம்ப நாள்கள் போயின. அங்கிருந்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாகக் களமிறங்கி, முதல் ஆட்டத்தில் துனிசியப் பெண்ணை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றார். அந்த ஒரு நாளைக்குப் பிறகுதான் தாம்பரம், பல்லாவரம் பக்கத்து அம்மாக்களும் ‘அது என்ன கிளாஸு?’ என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

சேலையூர் வீட்டு விவகாரத்தை முடித்துவைத்தது முடிச்சூரிலிருந்து வருகிற ஏழாம் வகுப்புச் சிறுமி. பயிற்சியில் இவளுக்கு ஜோடி. இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து வரவில்லை. காய்ச்சல் போல என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது வாரம் வந்தவள், வேறொரு பெண்ணோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். கேட்டதற்கு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உங்ககூட ஆடினா வலிக்குதுக்கா” என்றாள். தோளுக்குக் கீழே, கையில், பாதுகாப்புச் சட்டையையும் மீறி நாணய அளவில் நீலம் பாரித்த தழும்புகள் நாலைந்து இருந்தன. பாயின்ட் கிடைக்காத இடத்தில், குறி தவறி விழுந்த குத்துகள்.

அன்றைக்கு ராத்திரி பெண் சரியாகச் சாப்பிடவில்லை. தாத்தா அப்போதுதான் பேப்பரை மடித்துவைத்தார்.

“அந்த வாளை எடுத்துட்டு வா கண்ணு, பாக்கலாம்.”

ஃபாயில் குத்தும்போது பிளேடு வில்லாக வளைய வேண்டும். பலரும் நினைப்பதுபோல அது பலவீனம் அல்ல. வளைகிற நேரத்தில்தான் குத்தின் வேகம் கரைகிறது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதைப் போல. பிளேடு வளையாவிட்டால் அந்த வேகம் முழுவதும் ஒரு பட்டாணி அளவு இடத்தில் இறங்கும். இத்தனைக்கும் பாயின்ட் விழுவதற்குப் பெரிய பலமே தேவையில்லை. ஃபாயிலின் நுனியில் ஒரு குட்டி ஸ்பிரிங் பித்தான் இருக்கிறது. அரை கிலோ எடையைத் தாங்கித் திருப்பித் தள்ளுகிற அளவுக்கு அந்த ஸ்பிரிங் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே விளக்கு எரிந்துவிடும். மிச்சம் இருக்கிற பலமெல்லாம் எதிரில் நிற்பவருக்கு வலியாகத்தான் போய்ச் சேருகிறது. 

தாத்தா இதை வேறு மாதிரி சொன்னார். “ஸ்பிரிங் இல்லாத பெட்டியில உக்காந்து தாம்பரத்துலேருந்து பீச் வரைக்கும் போய்ப் பாரு, தெரியும். பெட்டி உறுதியாத்தான் இருக்கும். உன் இடுப்புதான் இருக்காது.”

எவ்வளவு வளையலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சர்வதேச வாள்வீச்சு சம்மேளனத்தின் விதிப்படி, ஃபாயிலை நுனியிலிருந்து 70 சென்டிமீட்டரில் இறுக்கிப் பிடித்துப் படுக்கைவாட்டில் நிறுத்த வேண்டும். நுனிக்கு 3 சென்டிமீட்டர் உள்ளே 200 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். அப்போது நுனி கீழே இறங்குவது 5.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 9.5 சென்டிமீட்டரைத் தாண்டவும் கூடாது. இவ்வளவுதான். இதற்கு லேபரட்டரி வேண்டாம். ஒரு வைஸ், ஒரு ஸ்கேல், ஒரு எடைக்கல் போதும். ஃபிட்டர் வீட்டில் முதல் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இந்தக் காலத்தில் எந்த மளிகைக் கடையிலும் எலெக்ட்ரானிக் தராசுதான். ஆனாலும் தெருமுனைக் கடைக்காரர் பழைய 200 கிராம் கல்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

துணியைச் சுற்றி வைஸில் மாட்டி, ட்வைன் நூலில் கல்லைத் தொங்கவிட்டார்கள். பழைய பிளேடு இறங்கியது 5.8 சென்டிமீட்டர். விதிப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் அனுமதித்த அளவின் விறைப்பான ஓரத்தில் நின்றது. அடுத்த வாரம் பயிற்சி மாஸ்டர் அனுமதியோடு இரண்டு சீனியர்களின் ஃபாயில்கள் சேலையூருக்கு வந்தன. ஒன்று 7.6. இன்னொன்று 9.3, பெண் ஆசைப்பட்ட சாட்டை அதுதான்.

பாக்கெட்டில் எழுதியிருப்பதை வைத்து வாங்கினால் என்ன என்று தோன்றலாம். சில தயாரிப்பாளர்கள் சாஃப்ட், மீடியம், ஸ்டிஃப் என்று குறிக்கத்தான் செய்கிறார்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் சாஃப்ட்டாக இருக்கும். சட்டை சைஸ் மாதிரிதான். தவிர, எவ்வளவு வளைகிறது என்பதோடு, எங்கே வளைகிறது என்பதும் முக்கியம். நுனிப்பக்கம் மட்டும் வளைகிற பிளேடும், நடுவிலிருந்தே வளைகிற பிளேடும் கல் தொங்கும்போது ஒரே எண்ணைக் காட்டலாம். கையில் பிடித்தால் இரண்டும் இரண்டு ஜாதி.

9.3 பிளேடைப் பிடித்து அவள் சுவரில் மாட்டிய பயிற்சி மெத்தையில் குத்திப் பார்த்தாள். பத்தில் நாலு தப்பியது. கையை நீட்டி நிறுத்தும்போது நுனி அதிர்ந்து அடங்க ஒரு கணம் ஆகிறது. அந்த ஒரு கணத்தில் குறி நகர்ந்துவிடுகிறது. எதிராளியின் வாளைத் தட்டிவிடும்போதும் அதே துவளல். வளைகிற பிளேடின் விலை இது. சீனியர் அக்காவுக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். அந்த அதிர்வை விரல்களால் அடக்கத் தெரிந்தவர். 

சாட்டை வீச்சின் மோகத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் உலகப் போட்டிகளிலேயே ஃபாயிலைச் சாட்டை போலச் சொடுக்கி, நுனியை எதிராளியின் தோளைத் தாண்டி முதுகில் தொடவைப்பது பெரிய உத்தி. நுனி லேசாக உரசினாலே விளக்கு எரிந்துவிடும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு மின்கருவியின் கணக்கை மாற்றினார்கள். நுனி ஏறக்குறைய 15 மில்லி விநாடி அழுந்தி நின்றால்தான் பாயின்ட் என்று ஆனது. சொடுக்கு இன்றும் உண்டு. ஆனால் அதற்காகவே பிளேடு வாங்குகிற காலம் போய்விட்டது. பதினாலு வயதில் அதற்காக வாங்குவது, கியர் போடத் தெரியாதவர் ரேஸ் பைக் வாங்குவது போல.

அம்மாவின் கவலை வேறு. வளைந்தால் உடையாதா? உடைந்தால் முகத்தில் பாயாதா? நியாயமான பயம்தான். 1982-ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் ஃபாயில் சாம்பியனான சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் பிளேடு உடைந்து முகமூடி வலையைத் துளைத்ததில் சில நாள்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் முகமூடி, சட்டை, பிளேடு எல்லாவற்றின் விதிகளும் இறுகின. மராஜிங் என்கிற எஃகு வந்தது: நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் சேர்ந்தது, கார்பன் மிகமிகக் குறைவு. அதில் விழுகிற விரிசல் மெதுவாகத்தான் பரவும். மராஜிங் உடையவே உடையாது, உடைந்தாலும் கூர் இருக்காது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். உடைந்த முனை எந்த எஃகிலும் கத்திதான். அடிக்கடி உடையாது என்பதே அதன் பெருமை. சாதாரண கார்பன் எஃகைவிட விலை நன்றாகவே கூடும். அம்மா ஒரு மாதச் சீட்டுப் பணத்தை அதற்கு ஒதுக்கினார். பிளேடு மட்டும்தானே மாற வேண்டும். கைப்பிடி, கைக்காப்பு எல்லாம் பழையதையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று தாத்தா சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

உடைவதற்கு வளைவதைவிடப் பெரிய காரணம், தவறான திசையில் வளைவது. ஃபாயிலுக்குக் கீழ்நோக்கி ஒரே சீரான மெல்லிய வளைவு இருக்கலாம், ஒரு சென்டிமீட்டருக்குள். ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறி மாறி வளைந்து பாம்பு போல ஆனால் உலோகம் களைத்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு நடுவிலும் ஷூவுக்கு அடியில் பிளேடை வைத்து இழுத்து நேராக்குவதை மைதானத்தில் பார்த்திருப்பீர்கள்; ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம். துருவும் ஒரு எதிரி. வியர்வையில் நனைந்த சட்டையோடு வாளையும் ஒரே பையில் திணித்து, ஐப்பசி மழையில் மூன்று நாள் திறக்காமல் வைத்தால் போதும்.

வந்த பிளேடு வைஸில் 7.4 காட்டியது. நுனியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். பில் மெஷினில் பேப்பர் ரோல் மாற்றிப் பழகிய அம்மாவின் விரல்கள் அதைச் சுருக்கம் இல்லாமல் சுற்றின. பிளேடு மட்டும் மாறினால் போதாது என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்தாம் நம்பர் பிளேடு நீளம். பழைய குட்டை பிளேடின் தூரத்திலேயே நின்று குத்தியதால்தான் பாதி வலி. அரை அடி பின்னால் நிற்கவும், குத்தும்போது தோளை இறக்கி விரலைத் தளர்த்தவும் அவளை ஒரு மாதம் சுவரோடு ஆடவிட்டார். அந்த மாதம் நடந்த போட்டியில் அவள் முதல் சுற்றிலேயே வெளியேறினாள். நுனி அதிர்வு இன்னும் கைக்கு வரவில்லை. பழைய 5.8 வீணாகவில்லை, போட்டிக்குப் போகிறவர் இரண்டு ஆயுதமாவது கொண்டுபோக வேண்டும் என்பதால், ரிசர்வாகப் பையில் இருக்கிறது.

முடிச்சூர்ச் சிறுமி ஐந்தாவது வாரம் திரும்ப ஜோடி சேர்ந்தாள். முதல் குத்து நெஞ்சில் விழுந்து பிளேடு மேல்நோக்கி வளைந்து நின்றபோது, முகமூடிக்குள்ளிருந்து “அவ்ளோதானாக்கா?” என்று ஒரு குரல் வந்தது. அடுத்த குத்தை அவள் போட்டாள்.

போன மாதம் அவள் தன் அப்பாவோடு சேலையூருக்கே வந்துவிட்டாள். அடுத்த வருடம் அவளும் ஐந்தாம் நம்பருக்கு மாறப் போகிறாளாம்; அதற்குள் எது வாங்குவது என்று தெரிந்தாக வேண்டுமாம். தாத்தா கடைக்காரரிடம் அந்த எடைக்கல்லை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.