நாயகனுக்காகப் பிறக்காத உலகம்

மாயக் கதைகளின் உலகங்கள் ஏன் பிடிக்கின்றன என்று கேட்டால், அங்கே எதுவும் நடக்கலாம் என்பதால்தான் என்ற பதில் சட்டென்று வரும். எனக்கு இது நேர்மாறாகவே படுகிறது. நினைத்த மாத்திரத்தில் மந்திரவாதி மலையைப் பெயர்த்துவிடுவான் என்றால், அவன் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டதைப் பற்றி வாசகர் கவலைப்பட என்ன இருக்கிறது? நாம் திரும்பத் திரும்பப் போகிற கற்பனை உலகங்கள் நாயகனின் வசதிக்கு வளைந்து கொடுக்காதவை. அவன் வருவதற்கு முன்பே அவை இருந்தன, அவன் போன பிறகும் தம் பாட்டுக்கு இருக்கும். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டில், ஆங்க்-மார்பார்க் நகரத்துத் திருடர்களுக்குச் சங்கம் உண்டு, உரிமம் உண்டு, வருடத்துக்கு இவ்வளவுதான் திருடலாம் என்ற அளவும் உண்டு. பறித்த பணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டுப் போவார்கள். கேலிதான், ஆனால் கதாநாயகன் யாராக இருந்தாலும் அந்த ஊர் தன் கணக்குவழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை அந்த உலகத்தால் தாங்க முடிந்தது.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55) முக்கால்வாசியும் நடக்கிற கதை. கால் ஓய நடக்கிறார்கள், கட்டிவந்த உணவு குறைந்துகொண்டே வருகிறது, எவ்வளவு பெரிய மாயாவி கூட இருந்தாலும் தூரம் சுருங்குவதில்லை. 1944இல் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, தன் கதையின் நாட்களோடு நிலவு ஒத்துப்போகவில்லை என்று டோல்கீன் கண்டுபிடித்தார். முன்பு எழுதி முடித்த அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய்த் திருத்தினார். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நாவல் படிப்பதில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தின் பலன் நமக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது: நாயகன் ஃப்ரோடோ பதுங்க வேண்டிய இரவு என்பதற்காக நிலவு மறைந்துகொள்ளாது. வானத்துக்கு அவனைத் தெரியாது. இந்த அலட்சியம்தான் அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கனத்தைத் தருகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இப்படி உலகம் கட்டுகிற வேலையையே ஆங்கில எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் கடுமையாகத் தாக்கியிருக்கிறார். இல்லாத ஓர் இடத்தைக் கடைசி மூலைவரை அளந்து வைப்பதால் வாசகரின் கற்பனைக்கு வேலையில்லாமல் போகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வரைபடமும் வம்சாவளியும் முன்னே வந்து, கதை பின்னால் நொண்டிக்கொண்டு வரும் தடித்த நாவல்களைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த வாதம் தாக்குவது பட்டியலை, உலகத்தை அல்ல. டோல்கீனின் அதே நாவலில், மோரியா சுரங்கத்தின் இருட்டில், பெரூதியல் அரசியின் பூனைகளைவிடத் துல்லியமாக மந்திரவாதி காண்டால்ஃப் வழி கண்டுபிடிப்பார் என்று கூட வரும் அரகார்ன் போகிறபோக்கில் சொல்கிறான். யார் அந்த அரசி, என்ன பூனைகள்? நாவலில் விளக்கமில்லை. கூட நடக்கிறவர்களும் கேட்பதில்லை. 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பூனைகளைப் பற்றித் தனக்கே இன்னும் எதுவும் தெரியாது என்று டோல்கீன் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் ஒரு கதையை யோசித்து வைத்தார். 1980இல் வந்த தொகுப்பு ஒன்றில் அந்த விவரம் இருக்கிறது. ஒன்பது கறுப்புப் பூனைகள், ஒரு வெள்ளைப் பூனை. படித்துவிட்டேன், பூனைகள் சற்றுச் சிறுத்துவிட்டன. சி.எஸ். லூயிஸும் நார்னியாவின் பனிக்காட்டில் தனியாக எரிகிற தெரு விளக்கை 1950இல் காரணம் சொல்லாமல் நட்டார். ஐந்து வருடம் கழித்து இன்னொரு நாவலில் காரணத்தையும் சொல்லிவிட்டார். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

ஆகவே அளவு அல்ல விஷயம். அந்த உலகம் தனக்கென்று வைத்திருக்கும் சட்டமும் அதன் விலையும்தான். இதை அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ அளவுக்குச் சுருக்கமாகச் செய்து காட்டிய உலகம் வேறில்லை. 1968இல் வெளிவந்த முதல் நாவல் மெலிந்தது. தீவுக்கூட்டத்தின் வரைபடத்தைத் தவிர விளக்கமென்று அதிகமில்லை. பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். ஒரு கூழாங்கல்லை உண்மையாகவே வேறொன்றாக மாற்றினால் உலகத்தையே மாற்றியதாகும். ஓரிடத்தில் வரவழைத்த மழை இன்னோரிடத்தின் வறட்சியாகலாம். நாயகன் கெட்டின் குரு ஓகியன் மழை வந்தால் நனைந்துகொண்டே போகிறார். புயலையே திருப்பத் தெரிந்தவர் ஏன் நனைய வேண்டும் என்று சீடனுக்கு எரிச்சல். அந்த எரிச்சல் தீர அவனுக்கு ஒரு நாவல் முழுவதும் தேவைப்படுகிறது.

ஆனால் அந்த உலகத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று இகழும் பழமொழிகளும் முதல் நாவலிலேயே வருகின்றன. கற்பனை உலகம் என்பது பழைய அநீதிகளுக்குப் புது மெருகு போடுவதுதானே என்று குற்றம் சாட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. குற்றச்சாட்டு நியாயமானது. லெ குவின் அதற்கு என்ன செய்தார் என்பதில்தான் என் வாதமே இருக்கிறது. மனம் மாறிய ஆசிரியர் அடுத்த நாவலில் ஒரு பெண்ணை ரோக்கின் தலைமைப் பீடத்தில் உட்கார வைத்திருக்கலாம், தடுக்க ஆளில்லை. 1990இல் வந்த 'தெஹானு' அப்படிச் செய்யவில்லை. சக்தியை இழந்த கெட், கணவனை இழந்து பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் டெனார், தீயில் கருகிய ஒரு சிறுமி, கழுவ வேண்டிய பாத்திரங்கள் என்று அதே உலகத்தை அடுப்படியிலிருந்து பார்த்தது. மகாமந்திரவாதியை ஆடு மேய்க்க வைத்துவிட்டாரே என்று பழைய வாசகர்கள் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் தன் உலகத்தின் சட்டத்தை மீற லெ குவின் தனக்கே உரிமை கொடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார், அவ்வளவுதான். 2001இல் வந்த கதைத் தொகுப்பில் விடை இருக்கிறது: ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், அவர்களுக்குக் கதவு அடைபட்டது பின்னால், ஒரு தலைமை மந்திரவாதியின் காலத்தில். 1968இன் பழமொழிகளில் ஒரு சொல்லையும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவற்றால் யாருக்கு லாபம் என்பது மட்டும் இப்போது தெரிகிறது.