தெப்பக்குளத்துல தலைகீழா ஒரு மண்டபம்!

மதுரைக்கு டூர் வர்றவங்க லிஸ்ட் ரொம்பச் சின்னது. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால், ஒரு ஜிகர்தண்டா... அடுத்த பஸ்! பாஸ், கொஞ்சம் நில்லுங்க. கோயில்ல இருந்து கிழக்கே காமராசர் சாலையைப் பிடிச்சு நாலஞ்சு கிலோமீட்டர் வந்தீங்கன்னா வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். பையில நாலு கலர் பேப்பர், ஏழெட்டு பேஸ்டல் பென்சில், ஒரு பிளேடு இருந்தா போதும். ஒரு காலைப்பொழுது சும்மா ஜம்முனு போகும்.

குளம்னு சொல்றதே தப்பு, குட்டிக் கடல்! ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். 17-ம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் வெட்டினது. மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமாச்சு, அப்படித் தோண்டும்போது கிடைச்சவர்தான் மீனாட்சி கோயில்ல இருக்கிற முக்குறுணி விநாயகர்னு ஊருக்குள்ள சொல்வாங்க. தை மாசத் தெப்பத் திருவிழாவுக்கு மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் இங்கே வந்து தெப்பம் ஏறுவாங்க. வடகரையில மாரியம்மன் கோயில். பக்கத்துலயே 1949-ல ஆரம்பிச்ச தியாகராசர் கல்லூரி. (அங்கே படிக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க. கட் அடிச்சா உட்கார இவ்ளோ பெரிய படித்துறை எந்த காலேஜுக்கு இருக்கு?)

நம்ம ஹீரோ இவங்க யாரும் இல்ல. குளத்துக்கு நட்ட நடுவுல நிக்கிற மைய மண்டபம். தண்ணிக்குள்ள இருந்து எழும்புற கல் மேடை, மூலைக்கு ஒரு சின்ன மண்டபம், நடுவுல விமானம், சுத்தி மரங்க. அதுக்குக் கீழே அதே செட்டு தலைகீழா!

முதல்ல பென்சில் மேட்டர். ஸ்கூல்ல விரல்ல எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்குமே, அது ஆயில் பேஸ்டல். இது வேற. சாக்பீஸ் மாதிரி உலர்ந்த வண்ணப்பொடியை மெலிசான குச்சியாக்கி மரத்துக்குள்ள வெச்சிருப்பாங்க. சாதாரண கலர் பென்சில்ல மெழுகோ எண்ணெயோ இருக்கும், தேய்ச்சா நகராது. பேஸ்டல் பென்சிலை விரலால தடவினா பனி மாதிரி பரவும். தண்ணிக்கு இதை விட்டா வேற ஆளே இல்ல. ஃபேபர் காஸ்டெல் பிட் பேஸ்டல்ல 60 கலர் இருக்கு. அத்தனையும் வாங்கி அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்காதீங்க, ஒரு பென்சிலே ஒரு சாப்பாட்டு விலை. கருநீலம், வெளிர்நீலம், அடர் பிரவுன், காவி, சந்தனம், இலைப்பச்சை, வெள்ளை போதும். கறுப்பு வேண்டவே வேண்டாம். கருநீலத்து மேல பிரவுனை ஓட்டினா வர்ற இருட்டுல உயிர் இருக்கும், கறுப்புல ஓட்டைதான் தெரியும்.

ஷார்ப்னர்ல போட்டுத் திருகினா உள்ளே குச்சி பொலபொலன்னு உதிரும். பிளேடால மரத்தைச் சீவிட்டு முனையை உப்புத்தாள்ல தேய்ங்க. கீழே போட்டுடாதீங்க, வெளியே நல்லாத்தான் தெரியும், உள்ளே சுக்குநூறா ஆகியிருக்கும். வழவழப்பான பேப்பர்ல பொடி நிக்காது, சொரசொரப்பு வேணும். சாம்பலோ பிஸ்கட் கலரோ இருந்தா இன்னும் நல்லது, அப்போதான் வெள்ளைப் பென்சிலுக்கு வேலை இருக்கும்.

எப்போ போறது? விடிஞ்சதும். காத்து எழும்புறதுக்கு முன்னாடி தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும். கீழ்க்கரையில உட்கார்ந்தா சூரியன் உங்க முதுகுப் பக்கம், மண்டபம் முழுக்க வெளிச்சம். அதே இடத்துல சாயங்காலம் உட்கார்ந்தா மண்டபம் கறுத்து வானம் சிவக்கும். அதுவும் அழகுதான். ஆனா அந்நேரம் தின்பண்டக் கடையும் வாக்கிங் கூட்டமுமா கரையே திருவிழா ஆகிடும், பத்து பேர் தலை உங்க பேப்பருக்குள்ள இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். நம்ம பேச்சுல தண்ணில தெரியிறதையும் நிழல்னுதான் சொல்றோம், வெயில்ல விழுறதையும் நிழல்னுதான் சொல்றோம். வரையிறவங்க இந்த ரெண்டையும் பிரிச்சே ஆகணும். வெயில் நிழல் சூரியன் தள்ளுற பக்கம் சாயும். தண்ணி பிம்பம் சாயவே சாயாது. விமான உச்சிக்கு நேர் கீழேதான் உச்சியோட பிம்பம். நீங்க கரையில எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் அது உங்களை நோக்கித்தான் நேரா வரும், செல்ல நாய்க்குட்டி மாதிரி! அதனால முதல் கோடு தண்ணி மட்டம். பென்சிலைக் கை நீட்டிப் பிடிச்சு அங்கிருந்து உச்சி வரைக்கும் அளந்துக்குங்க, அதே அளவு கீழேயும்.

ஆனா அப்படியே கவுத்துக் காப்பியடிக்கிறதும் சரிப்படாது. விமானம் மேடை ஓரத்துல இல்ல, உள்ளே தள்ளி இருக்கு. பிம்பம்ங்கிறது தண்ணிக்கு அடியில இருந்து ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கிற காட்சி. அவருக்கு மேடைச் சுவர் கொஞ்சம் கூடுதலா மறைக்கும். ஸோ, தண்ணிக்குள்ள விமானத்தோட அடிப்பகுதி கொஞ்சம் குறைவாத்தான் தெரியும். மேல ரோட்டு ஓரச் சுவர்ல உட்கார்ந்தா இந்த வித்தியாசம் பிடிபடும், கடைசிப் படி வரைக்கும் இறங்கிட்டா ஏறக்குறைய மறைஞ்சிடும்.

கலர்லயும் தண்ணி ஒரு சில்மிஷம் பண்ணும். வெயில் பட்ட பளீர் இடம் தண்ணில ஒரு மாத்து மங்கும், இருட்டான இடம் ஒரு மாத்து வெளுக்கும். நேர் கீழே பார்த்தா தண்ணி நூத்துல ரெண்டு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. பார்வை சாயச் சாயத்தான் கண்ணாடி ஆகுது. அதான் தூரத்துல வானம் மின்னும்போது உங்க காலடியில மட்டும் பாசிப்பச்சை. படத்தோட அடி ஓரத்துலயும் நீலத்தை இழுத்து விட்டுட்டு, 'ஏன்டா ஸ்விம்மிங் பூல் மாதிரி இருக்கு?'ன்னு முழிக்காதீங்க.

பிம்பத்தை மேலிருந்து கீழாக் கோடு போட்டு, விரலால கீழ்ப்பக்கமா ஒரே ஒரு தடவல். அப்புறம் வெளிர்நீலத்தைப் படுக்க வெச்சுக் குறுக்கே நாலஞ்சு கோடு. நாப்பது இல்ல, நாலஞ்சு! அவ்ளோதான், மண்டபம் நனைஞ்சிடும். உதிர்ந்த பொடியை ஊதாதீங்க, பேப்பரை நிமிர்த்தித் தட்டுங்க. ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே அடிச்சா கலர் ஒரு ஷேடு கறுக்கும். எனக்குப் பிடிக்காது, மேல பட்டர் பேப்பர் போட்டு மூடிடுவேன்.

நாங்க மூணு பேர் படியில உட்கார்ந்து தேய்ச்சிட்டிருந்தப்போ, டீக்கடை அண்ணன் ஒருத்தர் கிளாஸை நீட்டிட்டு அப்படியே குனிஞ்சு பார்த்தார்.

"தம்பி, இந்தா இங்கிட்டு நீலம் தேய்ச்சிருக்கீங்கள்ல... இங்கனதான் எங்க பிட்ச்சு."

"நெசமாவாண்ணே?"

"பின்ன? மண்டபத்துச் செவுத்துல பட்டா சிக்ஸரு. சொன்னா எம்மகன் நம்ப மாட்டேங்கிறான்."

மகன் நம்பாதது நியாயம்தான். ஆனா அண்ணன் சொன்னது உண்மை. பல வருஷம் இந்தக் குளம் வறண்ட மைதானமாத்தான் கிடந்துச்சு. வைகையில இருந்து தண்ணி வர்ற பனையூர் கால்வாய் ஆக்கிரமிப்பும் குப்பையுமா அடைஞ்சு போச்சு. தெப்பத் திருவிழா வரும், சாமி வரும், தண்ணி வராது. தெப்பம் நின்ன இடத்துலயே நிக்கும், அதுக்கு 'நிலைத் தெப்பம்'னு பேரே வெச்சுட்டாங்க. 2010-கள் முடியிற சமயத்துலதான் கால்வாயைச் சரி பண்ணினாங்க, குளம் நிறைஞ்சது. அதாவது, நாம வரையிற இந்தத் தலைகீழ் மண்டபம் ஒரு தலைமுறைக்குக் கண்ணுல படவே இல்ல. கால்வாய் திரும்ப அடைஞ்சா மேல் பாதி மட்டும்தான் மிஞ்சும்.

அதனால படத்துல கையெழுத்து போட்டா மட்டும் பத்தாது, தேதியும் போடுங்க. தண்ணிக்கு மேல எத்தனை படி தெரியுதுன்னு எண்ணி அதையும் ஓரத்துல எழுதுங்க. நாங்க மாசம் ஒரு தடவை போய் எழுதிட்டு வர்றோம்.

அண்ணன் டீக்குக் காசு வாங்கிக்கிட்டார், கூடவே ஒரு கோரிக்கை. பிட்ச் இருந்த இடத்துல ஒரு அடையாளம் வைக்கணுமாம். வெள்ளைப் பென்சிலால ஒரு சின்னக் கோடு இழுத்தோம். ஹாஸ்டல்ல பார்க்கிறவங்க எல்லாம் "கொக்கு சூப்பர்!"னு சொல்றாங்க.