சத்தத்துக்கும் காதுக்கும் நடுவே

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஒலி என்றால் என்ன?" என்று கேட்டு ஒலியியல் பாடத்தைத் தொடங்கினால், புத்தகத்தில் உள்ள வரி அப்படியே திரும்பி வரும். "தூரத்தில் வெடி வெடிக்கும்போது முதலில் என்ன தெரியும்?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். "புகைதான் சார் முதல்ல. சத்தம் பெறகுதான் வரும்" என்பான் ஒருவன். "கிட்டக்க வெடிச்சா ரெண்டும் ஒண்ணா வரும் சார்" என்று இன்னொருத்தி திருத்துவாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது. சிவகாசியைச் சுற்றி வளர்கிற பிள்ளைக்கு வெடி ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் (ஆலையை இங்கே ஆபீஸ் என்போம்) அச்சு பிரஸ்ஸும்தான் கண்ணுக்கு எட்டிய உலகம். அவர்கள் காதால் கற்றுவைத்திருப்பதற்குக் காரணம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். இசைக்கவையும் மேசையும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, ஒலி சுமார் 340 மீட்டர்தான் போகிறது என்று கரும்பலகையில் எழுதலாம். எழுதினால் மறந்துவிடுவார்கள். அதனால் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குக் கூட்டிப்போகிறேன். ஒருவன் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகக் கரையின் ஒரு முனையில் நிற்பான். மற்றவர்கள் கயிற்றால் அளந்துகொண்டே 340 மீட்டர் நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் கையை நன்றாக ஓங்கித் தட்டில் அடிப்பான். கரண்டி தட்டில் பட்டது கண்ணுக்குத் தெரியும், சத்தம் மட்டும் இன்னும் வந்திருக்காது. அந்த ஒரு வினாடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு வினாடிக்கு ஓர் அடியாகத் தொடர்ந்து அடிக்கச் சொல்வேன். இப்போது முந்தைய அடியின் சத்தமும் இந்த அடி விழுகிற காட்சியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நூறு மீட்டர் முன்னால் நடந்தால் அந்தச் சேர்க்கை பிசகும். ஒலியின் வேகத்தைத் தங்கள் கண்ணாலும் காதாலும் அளந்துவிட்டோம் என்பது அங்கேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கணக்குப் போடும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தருவேன். பூஜ்ய டிகிரி வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். 40 டிகிரி கொளுத்தும் சித்திரை மதியத்தில் அது 355. 25 டிகிரி இருக்கும் தீபாவளி அதிகாலையில் 346. எப்படிப் பார்த்தாலும் புகையைக் கண்டு மூன்று வினாடி எண்ணி முடிக்கும்போது சத்தம் வந்தால் வெடித்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

இந்த ஊரில் அந்த எண்ணிக்கைக்கு வேறொரு பொருளும் உண்டு. சோதனை வெடியின் சத்தத்துக்கும் விபத்தின் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று, பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடிய நாளில், முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. கனத்த சத்தம் ஒன்று ஜன்னலை அதிரவைத்தால் வகுப்பில் பாதிப் பேரின் மனம் அம்மா வேலைபார்க்கும் ஆபீஸுக்கு ஓடிவிடும். அந்த நேரத்தில் ஒலியியல் நடத்தக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வதுதான் ஆசிரியர் செய்ய வேண்டியது. அறையைத் தாண்டி வந்து ஜன்னலை ஆட்டியது காற்றின் அழுத்தம்தான் என்பதை வேறொரு நாளில், அவர்களாகவே கேட்கும்போது சொல்லலாம்.

அந்த அழுத்தத்தைப் பற்றி எனக்கு அவர்களிடம் கற்கவும் நிறைய இருக்கிறது. "கட்டு எறுக்கமா இல்லேன்னா வெடி புஸ்ஸுனு போயிரும் சார்" என்று ஒரு பிள்ளை சொன்னதைவிடச் சுருக்கமாக அதை யாரும் சொல்ல முடியாது. திறந்து கிடக்கும் மருந்து எரிந்துவிட்டுப் போகும். காகிதமும் சணலும் இறுக்கிப் பிடித்திருந்தால் வாயு அடைபட்டு, தாங்காமல் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். சுற்றியுள்ள காற்றை அது ஒரே நொடியில் நெருக்குகிறது. அந்த நெருக்கம் அடுத்த காற்றுக்கும் அதற்கு அடுத்ததற்கும் கைமாறிப் போவதுதான் நாம் கேட்பது. பிள்ளைகளைத் தோளைத் தொட்டு வரிசையாக நிற்கவைத்துக் கடைசியில் இருப்பவனை மெல்லத் தள்ளச் சொல்கிறேன். தள்ளல் முதல் ஆள் வரை போய்ச் சேரும், நின்ற இடத்தைவிட்டு யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். நெட்டலைக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் காது பின்னால்தான் வருகிறது. அதற்குள் மணி அடித்துவிடும், அல்லது தேர்வு வந்துவிடும். அதனால் நான் காதைப் பாதியிலேயே முன்னால் கொண்டுவந்துவிடுகிறேன். ஒரு டப்பாவின் இரு பக்கமும் வெட்டி, ஒரு வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே நாலு கடுகு போட்டு, மறு வாயில் பேசச் சொன்னால் கடுகு துள்ளும். செவிப்பறை செய்யும் வேலை அதுதான். குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கம், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்புகள். அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, மூன்று மில்லிமீட்டர் அளவுதான். இந்த இடத்தில் தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்துக் குச்சியை அளக்கச் சொல்வேன். காதுக் குழாயின் நீளம் பெரியவர்களுக்கே இரண்டரை சென்டிமீட்டர். குச்சி அதைவிட நீளம். தீக்குச்சியால் காது குடைவது எங்கள் பக்கம் சாதாரணம், கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் குச்சி கிடக்கிறதே. அளவுகோலை வைத்துப் பார்த்த பிள்ளை அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிவிடும்.

டெசிபல்தான் கடினம். 120 என்பது 60-ஐப் போல இரண்டு மடங்கு சத்தம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று வைத்து, இருபது டெசிபல் ஏறும்போதெல்லாம் அழுத்தம் பத்து மடங்காகும் என்று படிப்படியாகக் கட்டுகிறேன். 120-க்கு வரும்போது அது பத்து லட்சம் மடங்கு. அவ்வளவையும் தாங்கும் ஒரு மெல்லிய தோல் நம் தலைக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

அடுத்து சட்டத்துக்கு வருகிறோம். 1999 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த விதி, வெடித்த இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி அளக்கும்போது சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த ஒரு கணத்தின் உச்சத்தை மட்டும் அளந்தால் வரம்பு 145. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் வெடி போன்ற திடீர்ச் சத்தத்தின் உச்சத்துக்கு வேறு வரம்பு இருக்கிறது. பெரியவர்களின் காதுக்கு 140, குழந்தைகளின் காதுக்கு 120. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரே ஒரு விதியைத் தருகிறேன்: திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ ஆறு டெசிபல் குறையும். மிச்சத்தைப் பிள்ளைகளே செய்வார்கள். நான்கு மீட்டரில் 145. எட்டில் 139. பதினாறில் 133. முப்பத்திரண்டில் 127. அறுபத்து நான்கில் 121. சட்டத்துக்கு உட்பட்ட வெடியிலிருந்தே ஒரு குழந்தை ஏறத்தாழ எழுபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் விடை. சுவர் இருபுறமும் நெருங்கிய தெருவில் ஒலி எதிரொலித்து நிற்பதால் இந்த அளவுக்குக்கூடக் குறையாது. மைதானத்தில் எழுபது மீட்டரை நடந்து காட்டியதும் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்கள் திரி பற்றவைத்து ஓடி நிற்கும் தூரம் பத்து அடி.

செல்போன் செயலியை வைத்து வெடியை அளக்க வேண்டாம் என்று சக ஆசிரியர்களிடம் சொல்கிறேன். போனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஓர் எல்லைக்கு மேல் அது உயர்ந்த சத்தத்தைப் பதிவுசெய்வதில்லை, அதனால் உண்மையைவிடக் குறைந்த எண்ணையே காட்டும். வகுப்பறை இரைச்சல், பிரஸ் வாசல், குழாய் ஸ்பீக்கர் கட்டிய கோவில் கொடை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது போதும்.

"அப்ப வெடியே போடக் கூடாதா சார்?" என்ற கேள்வி எல்லா ஆண்டும் வரும். கேட்கும் பிள்ளையின் நோட்டும் பையும் வெடிக்கூலியில் வாங்கியவை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டபின் வேலை நாள் குறைந்ததை அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அப்பா அம்மாவின் உழைப்பைத் தவறு என்று சொல்லும் பாடத்தை ஒரு பிள்ளை ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. நான் தரும் பதில் தூரம்தான். வெடி ஆபீஸில் அறைக்கும் அறைக்கும் நடுவே காலி இடம் விட்டுக் கட்டுவது ஏன் என்று அவர்களுக்குத் தெரியும். அதே இடைவெளியைக் காதுக்கும் கொடு என்கிறேன். தள்ளி நிற்க முடியாதபோது விரலால் காதை நன்றாக அழுத்தி மூடு. பஞ்சை நம்பாதே, அது கொஞ்சம்தான் தடுக்கும். கைக்குழந்தையைத் தெருவுக்குத் தூக்கி வராதே. மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை, வேண்டிய மட்டும் கொளுத்து.

ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு விடை உட்செவியில் இருக்கிறது. நத்தை ஓடு வடிவில் சுருண்ட காக்ளியாவுக்குள் பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது காற்றில் கம்பங்கொல்லை அசைவதுபோல அவற்றின் நுண்மயிர்கள் சாய்ந்து நிமிரும், அந்த அசைவுதான் நரம்புக்குச் செய்தியாகிறது. அளவு மீறிய சத்தத்தில் அவை சிதைந்துபோகும். கோழிக்கு அந்த அணுக்கள் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. உயர்ந்த சுருதிக்கான அணுக்கள்தான் பெரும்பாலும் முதலில் போகின்றன.

அந்த இழப்பை உணரவைக்க ஒரு சொல்வதெழுதுதல் வைக்கிறேன். வகுப்பின் பின்னால் நின்று, வாயைத் துணியால் மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கால், பால், சால், தாள் என்று சொல்வேன். "ஆ" எல்லாருக்கும் கேட்டிருக்கும், முன்னால் வந்த மெய்யெழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். காது மந்தமானவர்களுக்குப் பேச்சு இப்படித்தான் கேட்கிறது: சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. "எங்கம்மா பிரஸ்ல இருக்காங்க சார், ரெண்டு தடவ சொன்னாத்தான் கேக்கும்" என்று அதன்பிறகுதான் ஒரு பிள்ளை சொல்லும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் வேலைக்கான பாதுகாப்பு வரம்பாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது, மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்ற கணக்கை அந்தப் பிள்ளை அம்மாவுக்காகக் குறித்துக்கொள்ளும்.

இந்தச் சொல்வதெழுதுதலில் ஒரே பிள்ளை எல்லாச் சொல்லையும் தவறவிட்டால் அதை மதிப்பெண்ணாகப் பார்க்கக் கூடாது. கடைசி பெஞ்சில் "கவனிக்காதவன்" என்று பெயர் வாங்கியிருக்கும் பிள்ளையின் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது, காதும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. பெயரை எழுதிவைத்து அவர்களிடம் காட்டுவதும், அதுவரை அந்தப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்காரவைப்பதும் நம் கையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்று. பாடத்திட்டத்தில் ஒலியியல் எந்த மாதம் வந்தாலும் சரி, அதைத் தீபாவளிக்கு முன்னால் நடத்தி முடியுங்கள். அந்த எழுபது மீட்டரைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து காட்டுங்கள்.