கேட்காமல் விட்ட கேள்வி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு வயது வரை நானும் அந்த வகைப் பிள்ளைதான். தமிழ்ப்பள்ளியில் கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி என்று எதையும் விட்டதில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதத்திலேயே என் வாய் மூடிக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். தமிழில் யோசித்து மலாயில் அடுக்கிய வாக்கியம் அது. வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்துவிட்டார். அன்று உட்கார்ந்தவன், ஐந்தாம் படிவம் முடியும்வரை கேள்வி கேட்க எழவில்லை.

தெரியாததைத் தனியே தேடிப் படிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. தேர்வில் நல்ல புள்ளிகளும் கிடைத்தன. அதனால் அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. அது குறைதான் என்று சைபர்ஜெயாவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் தொழிற்பயிற்சி செய்த ஆறு மாதங்களில் புரிந்துகொண்டேன். புரிய வைத்தவர் என் குழுவின் மேலாளர்.

அவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பதினைந்து ஆண்டுகள் நிரல் எழுதிய பிறகு மேலாளர் ஆனவர். அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. அக்கா என்றுதான் அழைத்தேன்.

தினமும் காலை ஒன்பதரைக்குக் குழுவினர் வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். முதல் நாள் அக்கா என்னிடம் தமிழில் சொன்னார்: “எங்கம்மா விடியக்காலையில பெரட்டுக்கு நிப்பாங்க. தண்டல் பேரு கூப்பிட்டு நிரை பிரிச்சுக் குடுப்பாரு. இதுவும் பெரட்டுதான் தம்பி. ஆனா அங்க ஆள் வந்தாச்சான்னு மட்டும் பார்ப்பாங்க. இங்க எங்க மாட்டிக்கிட்டேன்னும் கேட்கிறோம்.”

நான் தினமும் “பிரச்சினை இல்லை” என்றே சொல்லிவந்தேன்.

இரண்டாம் மாதம் எனக்கு ஒரு சிறிய வேலை வந்தது. வாடிக்கையாளர்களுக்கான ரசீதுகளை எங்கள் மென்பொருள் அவரவர் பெயரிலேயே கோப்பாகச் சேமித்தது. சிலருடைய ரசீதுகள் மட்டும் உருவாகவில்லை. பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அத்தனையும் நம்மவர் பெயர்கள். மகனுக்கு ‘ஏ/எல்’, மகளுக்கு ‘ஏ/பி’ என்று நம் அடையாள அட்டையில் இருக்கிறதே, அந்தச் சாய்கோடுதான் காரணம். கணினி அதைப் பெயரின் பகுதியாகப் பார்க்காமல், ஒரு கோப்புறைக்குள் இன்னொன்றுக்குப் போகும் வழி என்று எடுத்துக்கொள்கிறது. இல்லாத கோப்புறையைத் தேடித் தோற்றுப்போகிறது.

காரணம் தெரிந்தது, எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மூத்த நிரலரைக் கேட்டிருக்கலாம். மூன்று நாள் கேட்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். அதனிடம் எத்தனை முறையும் கேட்கலாம், எந்த மொழியிலும் தடுமாறலாம், அது சிரிக்காது. பெயரில் உள்ள குறியீடுகளை நீக்கிவிட்டுச் சேமிக்குமாறு அது அழகாக நிரல் எழுதிக் கொடுத்தது. என் சோதனையில் ரசீதுகள் உருவாயின. வெள்ளிக்கிழமை மதியம் அது வாடிக்கையாளர் பயன்பாட்டுக்குப் போனது.

மாலை ஆறு மணிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ரசீதை உருவாக்கும் பகுதி சாய்கோட்டை நீக்கிவிட்டது. அதைத் தேடி எடுத்து அனுப்பும் பகுதியோ பழைய பெயரிலேயே தேடியது. அந்தப் பகுதி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது எப்படித் தேடுகிறது என்பது தெரியாது. செயலிக்கு அதுவும் தெரியாது, நான் சொல்லவில்லையே. அந்த மூத்த நிரலருக்குத் தெரியும். அன்றிரவு கிளந்தானில் இருக்கும் தம் தாயாரைப் பார்க்கப் பேருந்து ஏறவிருந்தவர் அவர். பயணச்சீட்டை விட்டுவிட்டு நள்ளிரவு வரை உட்கார்ந்து சரி செய்தார். கோப்புக்கு வாடிக்கையாளர் பெயரே வேண்டாம், அவருடைய எண்ணை வைத்தால் போதும் என்பதுதான் தீர்வு. ஒரு கேள்வி, இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலிடத்தார் காரணம் கேட்டபோது, “சரிபார்க்காமல் அனுப்பியது என் பொறுப்பு” என்று அக்கா சொன்னார். என் பெயர் வரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மதியம் என்னைத் தே தாரேக் குடிக்க அழைத்துப் போனார். “பிரெட் புரூக்ஸ் படிச்சிருப்பியே?” என்று கேட்டார். படித்திருந்தேன், தேர்வுக்காக. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள உருவாக்கத்தை வழிநடத்தியவர். அந்த வேலை குறித்த காலத்தில் முடியாமல் இழுத்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 1975-இல் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற நூலை எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அதில் உள்ள புகழ்பெற்ற கருத்து. ஆள் கூடினால் கை கூடும். ஆனால் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும், ஒருவரோடொருவர் பேச வேண்டிய வழிகளும் சேர்ந்தே கூடும்.

அக்கா மெல்லிழைத்தாளில் கணக்குப் போட்டார். “நாங்க எட்டுப் பேர். ரெண்டு ரெண்டு பேரா எண்ணினா 28 வழி. நீ ஒன்பதாவது ஆள், இப்ப 36. நீ ஒருத்தன் வந்ததுல எட்டு வழி புதுசா வந்துச்சு. அந்த எட்டையும் நீ அடைச்சு வச்சிருந்தே.”

வெட்கத்தோடு பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எனக்கும் அப்படி ஒரு வகுப்பு இருந்துச்சு” என்றார். பிறகு தம் வேலையைப் பற்றிப் பேசினார். நிரல் எழுதிய காலத்தில், இன்று இதைச் செய்தேன் என்று காட்ட மாலையில் ஏதாவது இருக்குமாம். இப்போது எதுவும் இருப்பதில்லையாம். அவர் அம்மா தொலைபேசியில், “இன்னிக்கு என்ன வேலை பார்த்தே?” என்று கேட்பாராம். “பேசினேன்மா” என்றால், “பேசுறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?” என்பாராம்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்தபோதுதான், அந்தப் பேச்சே தம் வேலை என்று அவருக்கு விளங்கியதாம். யார் திரையில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று எண்ண ஒரு மென்பொருள் வாங்கலாம் என்று ஆலோசனை வந்தபோது மறுத்திருக்கிறார். “எங்க தாத்தா கங்காணிக்குக் கீழ வேலை செஞ்சவர். தலையை எண்ணுறது எனக்கு வேணாம்” என்றார்.

கங்காணி என்ற சொல் கண்காணிப்பதிலிருந்து வந்தது. தமிழகத்திலிருந்து இங்கே ஆள் சேர்த்துக் கொண்டுவந்த அந்த முறை, 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு ஓய்ந்தது. நாங்கள் தேநீர் குடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் புத்ராஜெயா. அந்நகரம் எழும்புமுன் அங்கே இருந்தவை பிராங் பெசார் போன்ற தோட்டங்கள். பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வட்டாரத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறோம். எண்ணும் வேலையை இன்று இயந்திரமே செய்துவிடும். ஒருவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கவனிக்க ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

மாலையில் அந்த மூத்த நிரலரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பதற்றத்தில் என் மலாய் மீண்டும் குழம்பியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் பக்கத்திலேதானே உட்கார்ந்திருக்கிறேன், அடுத்த முறை கேள்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை வட்டத்தில் என் முறை வந்தபோது, “ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், உதவி வேண்டும்” என்றேன். இதயம் படபடத்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலரும் விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில், கேள்வியை மனத்துக்குள் மூன்று முறை திருத்திப் பார்த்துவிட்டுக் கேட்காமலே எழுந்து போவீர்கள். எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை வாக்கியம் தப்பாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.