ஆடு தொடாத தழை

2020-இல் கொரோனா வந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தெருமுனைகளில் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றினார்கள். கட்சிக்காரன் ஊற்றினான், நகராட்சி ஊற்றியது, ரசிகர் மன்றம் ஊற்றியது. நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தக் குடிநீரில் சேருகிற சரக்கு 15. சுக்கு, திப்பிலி, நிலவேம்பு, சீந்தில், கற்பூரவள்ளி என்று போகிற வரிசையில் ஆடாதோடை இலையும் ஒன்று. எங்கள் சேரியில் வேலிக்கு வேலி நின்ற தழை அது. முன்னோர் என்று இவர்கள் சொல்கிறார்களே, அதில் என் ஆயா உண்டா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

ஆடாதோடையை ஆடு கடிக்காது, மாடும் கடிக்காது. அவ்வளவு கசப்பு. ஆடு தொடா இலை என்பதுதான் ஆடாதோடை ஆயிற்று என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். மாவிலை மாதிரி நீண்ட இலை, வெள்ளைப் பூ. கால்நடை மேயாது என்பதால் வேலிக்கு வைப்பார்கள். வெட்டிக் கழனியில் போட்டு மிதித்தால் நல்ல தழை உரம். நிலம் இல்லாத சனத்துக்குத் தோட்டம் ஏது? வேலிதான் தோட்டம். அதே வேலியில் தூதுவளையும் ஏறிக் கிடக்கும். உடம்பெல்லாம் முள், ஊதாப் பூ, சிவந்த பழம். முள்ளைக் கிள்ளிப் போட்டுவிட்டு ரசம் வைப்பாள் அம்மா. மழைக்காலத்தில் எங்களுக்குச் சளிக்கு அதுதான் டாக்டர், அதுதான் மாத்திரை.

ஆயா என் அம்மாவைப் பெற்றவள். திண்டிவனம் பக்கத்துச் சேரியில் மருத்துவச்சி. எழுத்து தெரியாது. இருமலைக் காதால் கேட்டே இது வறட்டு இருமல், இது கோழை கட்டினது, இது இழுப்பு என்று பிரித்துச் சொல்லும். ஆடாதோடை இலை நாலு பறித்து, நடு நரம்பைக் கிழித்துப் போட்டு, ஒரு துண்டு சுக்கும் நாலு மிளகும் தட்டிச் சேர்த்து, மூணு டம்ளர் தண்ணியை ஒரு டம்ளராகச் சுண்டவைக்கும். பனைவெல்லம் கொஞ்சம். பெரியவர்களுக்கு அரை டம்ளர். சின்னதுங்களுக்குப் பாலாடையில் பாதி. "அதிகமா ஊத்துனா வாந்திதான் எடுக்கும். மருந்து இன்னா கூழா, வவுறு முட்டக் குடிக்க?" என்று அதட்டும்.

ஊர்க்காரர்களுக்கும் ஆயாதான் வேண்டும். "இந்தா கெயவி, புள்ளைக்கு நெஞ்சுல இழுக்குது. தழை ஒடிச்சிக்கினு வா" என்று சேரி முனையிலேயே நின்று கூப்பிடுவார்கள். என் ஆயாவைவிட முப்பது வயது சின்னவன் கூப்பிடுவான். "இதோ வந்துட்டன் ஆண்ட" என்று ஆயா ஓடும். ஆனால் ஆயா சட்டியில் காய்ச்சின கசாயம் அவர்கள் வாயில் படக்கூடாது. தோட்டத்துப் பக்கம் நின்றபடி ஆயா அளவு சொல்லும். அவர்கள் உள்ளே காய்ச்சுவார்கள். தழைக்குத் தீட்டில்லை. சட்டிக்குத்தான் தீட்டு. பிள்ளையின் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க மட்டும் ஆயாவின் கை வேண்டும். பார்த்து முடித்ததும் பிள்ளைமேல் தண்ணீர் தெளித்து உள்ளே தூக்கிப் போவார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்குத் தொப்புள்கொடி அறுத்ததே இந்தக் கைதான். கூலி? ஒருபடி கேழ்வரகு. சில வீட்டில் அதுவும் கிடையாது.

ஆயாவுக்கு இன்னொன்று தெரியும். "முழுவாம இருக்கறவளுக்கு ஆடாதோடய குடுக்காத. வவுத்துல இருக்கறது தங்காது" என்று பெண்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தது. இதைச் சிலர் கிழவியின் பயம் என்று சிரித்தார்கள். இலையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை 1888-இலேயே ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் பிரித்தெடுத்துவிட்டார். அது மூச்சுக்குழலை விரியவைக்கும் என்றும், கருப்பையைச் சுருங்கவைக்கும் என்றும் பிறகு ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். கிழவி சொன்னதும் அதேதான். அந்த வாசிசினை மாதிரியாக வைத்து 1960களில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் கடையில் வாங்குகிற பல இருமல் மருந்துப் புட்டிகளில் அந்தப் பெயர் இருக்கும். மருந்துக்குக் கம்பெனியின் பெயர் உண்டு. கண்டுபிடித்தவனுக்கும் பெயர் உண்டு. யாருக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கையால் தொட்டுக் கண்டவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை.

சித்த மருத்துவத்துக்கும் நமக்கும் உள்ள உறவு வேலித் தழையோடு முடிந்ததில்லை. பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) சித்த வைத்தியர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சாதியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தவர். ஓலையும் மருந்தும் கல்வியும் நம் சனத்திடம் இருந்தன என்பதற்கு அவரே சாட்சி. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். போராடிப் பெற்ற பெயர்கள் நமக்குக் குறைவு, அதனால் இது பெருமைதான். ஆனால் ஒரு பலகையோடு கணக்கு தீர்ந்துவிடாது. 1921-இல் சென்னை அரசு உஸ்மான் குழுவை அமைத்தது. 1925-இல் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. பட்டம் வந்தது, பதிவு வந்தது. வைத்தியம் ஏட்டுக்கும் வகுப்பறைக்கும் போயிற்று. பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். அதற்குப் பிறகு ஆயாவின் அறிவுக்குப் பெயர் 'நாட்டு வைத்தியம்', இன்னும் இறங்கி, 'கை வைத்தியம்'.

இவ்வளவு சொல்லிவிட்டுத் தழை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொன்னால் அது பொய். என் மாமன் கல் உடைக்கிற கிரஷரில் வேலை செய்தான். முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வான், அவ்வளவுதான் பாதுகாப்பு. முப்பத்தைந்து வயதில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். ஆயா தன் மகனுக்கு மாதக்கணக்கில் கசாயம் காய்ச்சி ஊற்றியது. கடைசியில் அதுவே சொன்னது: "இது தழைக்கு அடங்கற இருமல் இல்லடா. எம்புள்ள கல்லத் தின்னுட்டான்." கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தழும்பு போட்டுவிட்டால் அது திரும்பாது. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். தடுக்கலாம். தண்ணீர் அடித்துத் தூசியை அடக்கலாம், முறையான முகமூடி தரலாம். கிரஷர்காரன் இரண்டையும் செய்யவில்லை. மாமன் செத்த பிறகு பாடைக்குப் பணம் கொடுத்தான்.

சாக்கடைக் குழியில் இறங்குகிறவனுக்கு எந்தக் கசாயம்? அங்கே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் நாலு மூச்சில் ஆளைச் சாய்க்கும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதையே 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களை வரிசையில் நிறுத்திக் கபசுரக் குடிநீர் கொடுத்து போட்டோ எடுத்தார்களே, அவர்கள் கேட்டது குடிநீரை மட்டுமா? கையுறையும் நிரந்தர வேலையும் கேட்டார்கள். உன் மூச்சைக் கெடுக்கிற வேலையில் உன்னை வைத்துவிட்டு, மூச்சுக்கு மூலிகை கொடுப்பது வைத்தியம் ஆகாது.

தோழர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சல் வந்து உடம்பு இளைத்தாலோ, கோழையில் ரத்தம் கண்டாலோ, கசாயத்தை நம்பி உட்காரவிடாமல் நம் சனத்தை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம். மருந்து கொடுப்பதும் தங்கவைத்துப் பார்ப்பதும் அவர்கள் கடமை, நம் உரிமை.

இன்னொன்று, உங்கள் சேரியில் இப்படி ஒரு கிழவி இன்னும் உயிரோடு இருந்தால் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தழையின் பெயர், அளவு, யாருக்குக் கொடுக்கக்கூடாது, எந்த நோய்க்கு அது கேட்காது, எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்தெந்த வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்தது, அங்கே எந்த இடத்தில் நிற்கவைத்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள். மேலே அந்தக் கிழவியின் பெயரை முழுசாகப் போடுங்கள்.